ஏழாம் பாட்டுக்கு ஆமென் கிடையாது

‘உப்புத்தூண்’ தொடர்: அத்தியாயம் 14

குணசீலன் வரமாட்டார் என்று போன வாரம் நிறுத்தியிருந்தோம். “வருவார், பாருங்கள்” என்று வீட்டில் பந்தயம் கட்டியவர்கள் இருப்பீர்கள். நீங்கள்தான் ஜெயித்தீர்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூட வேன் ஒன்று திருமங்கலம் ரோட்டில் ராம்கியின் டைல்ஸ் குடோன் வாசலில் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் அவர்தான். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஃபைல், இஸ்திரி போட்ட முகம்.

அவருக்குப் பின்னால் பசுமலை சர்ச் கொயரின் பதினாறு பேரும் இறங்கினார்கள். பெண்கள் எல்லோரும் நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலையில் வந்திருந்தார்கள். “ஒலிப்பதிவுக்குச் சேலை எதுக்குங்கய்யா, யாரும் பாக்கப் போறதில்லையே” என்று பேண்டின் ரெக்கார்டிங் ஆள் ராம்கி கேட்டதற்கு, “பாடுறவங்களுக்குத் தெரியும்ல” என்று குணசீலன் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வாசலில் நின்ற மகளைப் பார்த்துத் தலையாட்டினார். அவளுக்குப் பக்கத்தில் நின்ற மகனைப் பார்க்கவில்லை. மகனும் அந்த நேரம் பார்த்துச் செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருந்தான்.

இந்த வாரம்தான் புதிதாய் வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி. உப்புத்தூண் என்பது பசுமலையில் கல்லூரி நாளில் ஆரம்பித்த ராக் பேண்ட். பன்னிரண்டு வருஷமாகக் கிறிஸ்தவப் பாட்டுகள்தான், ஆனால் டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிட்டாருமாக. பாடுகிறவனும் மெட்டுப் போடுகிறவனும் ஆசீர். வார்த்தைகள் அவன் அக்கா பெனிட்டாவுடையவை. பகலில் கணக்கு டீச்சர், சாயங்காலம் கவிஞர் என்று பேண்டில் அவளைக் கேலி செய்வார்கள்.

இப்போது அவர்கள் கையில் எடுத்திருக்கும் ஆல்பத்தின் பெயர் ‘மூணு மணி’, இயேசு உயிர்விட்ட நேரம். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பாட்டு. நாற்பத்தேழு நிமிடம், நடுவில் ஒரு வினாடிகூட நிற்காமல் ஓடும். இதற்கு முன் அவர்கள் செய்ததெல்லாம் நாலு நிமிடப் பாட்டுகள்தான். ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் பசுமலை மைதானத்தில் மேடை போட்டு முழுசாக வாசிக்கப் போகிறார்கள். சர்ச்சின் சேகரக் கமிட்டி மைதானம் தரச் சம்மதித்தது. ஒரே ஒரு நிபந்தனை, சர்ச் கொயரும் கூடப் பாட வேண்டும்.

கொயர் என்றால் குணசீலன். முப்பத்தொரு வருஷமாக அதை நடத்துகிறவர் அவர்தான். அவர் ஆசீரின் அப்பா. இரண்டு பேரும் பேசிக்கொண்டு கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஆகிறது.

அம்மா நேசமணி இறந்த நாளோடு பேச்சு நின்றது. ஆசீர் பெட்டியைக் கட்டிக்கொண்டு திருமங்கலத்துக்கு வாடகை வீட்டுக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து அப்பா சொல்வதை மகனுக்கும், மகன் சொல்வதை அப்பாவுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெனிட்டாவின் வேலையாகிப் போனது. பக்கத்தில் பக்கத்தில் நின்றால்கூட அவள்தான் சொல்ல வேண்டும்.

நாளைக்குக் குருத்தோலை ஞாயிறு. அதன்பின் பெரிய வாரம், தினமும் ஆராதனை, கொயருக்கு ஒரு சாயங்காலம்கூட ஓய்வில்லை. ஏழாம் பாட்டில் கொயர் மட்டும்தான் பாக்கி. இன்றைக்கு விட்டால் கிடையாது.

குடோனில் பாதிக்கு டைல்ஸ் பெட்டிகள். மீதிப் பாதியில் சுவர் முழுக்க மெத்தைகளைத் தொங்கவிட்டிருந்தான் ராம்கி. எதிரொலி வராமல் இருக்க அவன் செய்கிற வைத்தியம் அது. ஓரத்தில் கண்ணாடி போட்ட சின்ன அறையில் கம்ப்யூட்டரும் அவனும். ரெக்கார்டிங் ஓடும்போது ஃபேனை நிறுத்திவிடுவார்கள். பங்குனி வெயிலில் கொயர் பெண்கள் சுரம் குறித்த சோல்பா தாளை எடுத்து விசிறத் தொடங்க, “அக்கா, தாள் சத்தம் மைக்ல விழுது” என்று உள்ளேயிருந்து ஸ்பீக்கரில் குரல் வந்தது. பெண்கள் விசிறுவதை நிறுத்திவிட்டுப் பெருமூச்சு விட்டார்கள். அதுவும் மைக்கில் விழுந்தது.

“ஹெட்போன் எம்புட்டு இருக்கு ராம்கி?” என்று பெனிட்டா கேட்டாள்.

“அஞ்சுதான்க்கா. ஐயாவுக்கு ஒண்ணு போதும். பேண்ட் வாசிச்சது அவருக்குக் கேக்கட்டும். மத்தவங்க அவர் கையப் பாத்துப் பாடட்டும். எப்பவும் அப்படித்தானே பாடுறாங்க?”

ஏற்பாடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இதில் ஒரு விஷயம் பெனிட்டாவுக்கு உறைத்தது. மகன் பாடுவதைக் காதுக்குள் வைத்து அப்பா கேட்கப் போவது இதுதான் முதல் தடவை. ஹெட்போனை மாட்டிக்கொண்ட குணசீலன், பாட்டை ஒருமுறை முழுக்கக் கேட்டார். கண்ணை மூடவில்லை, தலையை ஆட்டவில்லை. முடிந்ததும், “உச்சத்துல மூச்சு பத்தல. ரெண்டு சொல்லுக்கு முன்னாடி எடுத்திருக்கணும்” என்றார், பொதுவாக.

பெனிட்டா கண்ணாடி அறைக்குப் போய், “நல்லாருக்குன்னாங்க” என்றாள்.

ஆசீர் சிரித்தான். “எனக்கும் காது இருக்குக்கா.”

ஏழாம் பாட்டின் கடைசியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் நாள் முழுக்க நடந்த கூத்து அதனால்தான். கொயர், பெண்களில் சோப்ரானோ, ஆல்டோ, ஆண்களில் டெனர், பேஸ் என்று நாலு குரலில் ஏறி ஏறி உச்சத்துக்குப் போகும். அங்கே வெட்டுப்பட்டது போல எல்லாம் நின்றுவிடும். அதன்பின் ஒரு முழு நிமிடம் எந்தச் சத்தமும் இல்லை. அதோடு ஆல்பம் முடிந்தது. இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் முன்னால் இருக்கிற நாற்பத்தாறு நிமிடமும் என்று ஆசீர் சொல்வான். பேண்டில் யாரும் இதில் மூக்கை நுழைத்ததில்லை.

குணசீலன் ஒரு வரியில் ஜெபம் பண்ணினார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். உப்புத்தூணின் பேஸ் கிட்டார்காரன் கிரிதரன், மஹால் பக்கத்துச் சௌராஷ்டிர வீட்டுப் பிள்ளை, பெருமாள் கோயில் பிரசாதத்தோடு பிராக்டீஸுக்கு வருகிறவன், அவன்கூடக் கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆசீர் மட்டும் கண்ணைத் திறந்தபடி நின்றான்.

முதல் டேக்.

பெனிட்டாவும் ஆல்டோ வரிசையில் நின்று பாடினாள். வாத்தியம் கேட்கவில்லை, அப்பாவின் கை மட்டும் தெரிந்தது. அந்தக் கை சொன்னபடி பதினாறு பேரும் ஏறினார்கள். இவர்கள் இம்புட்டு நன்றாகப் பாடுவார்கள் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. உச்சம் வந்தது. கை விரிந்து நின்றது. மூடியது. நின்றார்கள்.

உடனே கை மெல்லக் கீழே இறங்கியது. பதினாறு பேரும் நாலு குரலில், குழைந்து, நீட்டி, “ஆ... மென்” என்றார்கள்.

கண்ணாடி அறைக்குள் கிரிதரன் வாயைப் பொத்திக்கொண்டான். ராம்கி தலையில் கை வைத்தான்.

“கடைசியில ஆமென் இல்லைப்பா” என்று பெனிட்டா சொன்னாள். “தாள்லயும் எழுதல.”

“ஆமா, ஆமா” என்றார் குணசீலன். “பழக்கதோஷம்.”

இரண்டாவது டேக்கும் அதேபோல் வந்தது, ஆமெனோடு. மூன்றாவது டேக்கில் பெண்கள் உஷாராகி வாயை மூடிவிட்டார்கள். பின்வரிசையில் நின்ற ரிட்டையர்டு பேஸ் குரல்கள் மூன்று மட்டும் அடிவயிற்றிலிருந்து ஆமென் போட்டன. சோப்ரானோவில் ஒரு பெண் சிரித்துவிட்டாள். ராம்கி, “ஆமெனை மட்டும் வெட்டி எடுத்துரலாம்ணே” என்று ஆசீரிடம் சொன்னான். “வெட்டினா வெட்டின எடம் தெரியும். உச்சத்தோட ரீங்காரத்து மேலயே ஆமென் ஏறி உக்காந்திருக்கு” என்றான் ஆசீர்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கொயர் தாளைப் பார்த்துப் பாடவில்லை, கையைப் பார்த்துப் பாடியது. முப்பத்தொரு வருஷமாக ஒரு பாட்டு முடிந்தால் அந்தக் கை அப்படித்தான் இறங்கும். அது இறங்கினால் இவர்கள் ஆமென் சொல்வார்கள். கையை இறக்காதீர்கள் என்று அப்பாவிடம் சொல்ல வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்று பெனிட்டா யோசித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குள் ஸ்பீக்கரில் ஆசீரின் குரல் கேட்டது. உள்ளேயிருந்து கொயரிடம் பேச ராம்கியின் மேஜையில் ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் அமுங்கியே கிடக்கிற பட்டன் அது. அடுத்த டேக்குக்காக ராம்கி அதை அமுக்கிவிட்டு விடுவிக்க மறந்திருந்தான். ஆசீர் கிரிதரனிடம் பேசியது கூடம் முழுக்கக் கேட்டது.

“அவர் கை சும்மா இருக்காதுடா. எதையும் முடியறதுக்கு முன்னாடியே ஆமென் போட்டு மூடிடணும் அவருக்கு. எங்கம்மாவுக்கே அப்படித்தானே போட்டாரு.”

உள்ளே ராம்கி விஷயம் புரிந்து பட்டனைத் தட்டினான். டப் என்று ஸ்பீக்கர் செத்தது.

குணசீலன் ஹெட்போனைக் கழற்றி, வயரைச் சிக்கல் இல்லாமல் சுற்றி ஸ்டாண்டில் வைத்தார். “மணி பன்னெண்டரை ஆச்சு” என்றார் கொயரைப் பார்த்து. “சாப்பிட்டு வருவோம்.”

சாப்பாடு கிரிதரன் வீட்டிலிருந்து வந்திருந்தது. லெந்து தவக்கால நாள் என்பதால் கவிச்சி கிடையாது என்று தெரிந்து அவன் மனைவி காவ்யஸ்ரீ இரண்டு அடுக்கு நிறையப் புளியோதரையும் அப்பளமும் கொடுத்தனுப்பியிருந்தாள். கொயர்க்காரர்கள் டைல்ஸ் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து, நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், புளியோதரையைப் பற்றியே பேசிச் சாப்பிட்டார்கள். நல்ல மனிதர்கள்.

கிரிதரன் தன் இலையை எடுத்துக்கொண்டு பெனிட்டா பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அக்கா, நான் கேக்கக்கூடாது. பன்னெண்டு வருஷமா கூட இருக்கேன், ஆனா அன்னைக்கு நான் ஊர்ல இல்ல. ஆசீர் மாப்ள சொல்ற கதை மட்டும்தான் எனக்குத் தெரியும். அவன் ஆக்சிஜன் சிலிண்டர் எடுக்க டவுனுக்குப் போனான், கொண்டு வந்து வாசல்ல எறக்குறான், உள்ள அப்பா ஒப்புக்கொடுத்து ஜெபம் பண்ணி முடிச்சுட்டாரு. அது என்னக்கா ஒப்புக்கொடுக்கிறது?”

“பொழைக்க மாட்டாங்க, கஷ்டப்படுறாங்கன்னு ஆயிட்டா, சொகமாக்குங்கன்னு கேக்கிறத விட்டுட்டு, ஆண்டவரே நீங்க எடுத்துக்கங்கன்னு ஜெபம் பண்றது. வீட்ல பெரியவங்க பண்ணுவாங்க. இல்லன்னா உசிரு இழுத்துக்கிட்டே கெடக்கும்னு சொல்வாங்க.”

“அப்ப, அப்பா பண்ணது சரிதானே?”

பெனிட்டா பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்தாள்.

அம்மா இறந்த நாள் பெரிய வெள்ளி ஒன்றும் இல்லை. ஆடி மாதத்து வெறும் செவ்வாய்க்கிழமை. அப்பா பகல் பன்னிரண்டு மணியிலிருந்து அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு, சுகத்துக்காக ஜெபம் பண்ணிக்கொண்டே இருந்தார். தொண்டை கட்டியும் நிறுத்தவில்லை. அம்மாவுக்குப் பேச்சு நின்று இரண்டு நாள் ஆகியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் எழும்பி விழுந்தது. இரண்டரை மணிக்கு மேல் பெனிட்டாவால் பார்க்க முடியவில்லை. அப்பாவின் தோளைத் தொட்டு, “போதும்பா. ஒப்புக்கொடுத்துருங்க” என்றாள்.

அவர் மாட்டேன் என்று தலையசைத்தார். அவள் மறுபடி சொன்னாள். மூன்றாவது தடவை அழுதுகொண்டே சத்தம் போட்டாள். அப்புறம்தான் அவர் அம்மாவின் கையை எடுத்து, ஒப்புக்கொடுத்து, ஆமென் என்றார். அவள் திரும்பிப் பார்த்தால் வாசலில் ஆசீர். தோளில் சிலிண்டர்.

அவன் சிலிண்டரை அப்படியே போட்டுவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தான். அவள் பின்னாலேயே ஓடினாள். இரண்டு பேரும் திரும்பி வந்தபோது அம்மா இல்லை. ஆமென் சொன்ன பிறகும் பதினோரு நிமிடம் இருந்தாள் என்று அப்பா சொன்னார். கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். அந்தப் பதினோரு நிமிடத்துக்கு வீட்டுக்குள் இல்லாமல் போனதை ஆசீர் தன்னால் தாங்க முடியாமல் அப்பா மேல் இறக்கி வைத்தான். அதைப் பெனிட்டா பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான்தான் சொன்னேன் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். மறுநாள், அடக்கத்தில், மூன்றாம் நாளில், எப்போது வேண்டுமானாலும். இரண்டு வருஷமாக அவள் சொல்லவில்லை.

குணசீலன் குடோனின் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி நிழலில் தனியாக நின்றிருந்தார். அவள் போனாள்.

“அப்பா, நான் அவன்கிட்ட சொல்லப் போறேன்.”

எதை என்று அவர் கேட்கவில்லை. “வேண்டாம்மா. ரிக்கார்டிங் முடியட்டும்.”

“எம்புட்டு நாளுக்குப்பா நீங்க தாங்குவீங்க?”

“எனக்கென்ன. அப்பன் மேல பையனுக்குக் கோவம், இது ஊர்ல இல்லாததா.” அவர் தொட்டிக் குழாயை இறுக்கி மூடினார். “உன் மேல வந்தா அவனுக்குப் போக்கிடம் இல்ல பெனி. அவனுக்கு இருக்கிறது நீ ஒருத்திதான். நானும் யோசிச்சுத்தான் சும்மா இருந்தேன்.”

அவள் அழுதாள். இத்தனை நாள் அவர் தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று மட்டும் நினைத்திருந்தாள். மகனுக்காகவும்தான் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் ஆறுதல் சொல்லவில்லை, கர்ச்சீப்பை எடுத்துக் கொடுத்தார். இஸ்திரி போட்ட கர்ச்சீப்.

கண்ணாடி அறையில் ஆசீர் தனியாக உட்கார்ந்து மூன்றாவது டேக்கைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தான். பெனிட்டா உள்ளே வந்து, முதல் காரியமாக அந்தப் பட்டன் மேலே இருக்கிறதா என்று பார்த்தாள். அப்புறம் கதவைச் சாத்தினாள்.

“காலையில பேசினது தப்புதான்” என்று அவனே ஆரம்பித்தான். “எல்லாரும் கேக்கிற மாதிரி ஆயிருச்சு. ஆனா பேசினது பொய் இல்லக்கா.”

“பொய்தான். உனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.” அவள் நின்றுகொண்டே சொன்னாள். “ஒப்புக்கொடுக்கச் சொன்னது நான். அப்பா மாட்டேன்னாங்க. மூணு தடவ சொன்னேன். மூணாவது தடவ கத்தினேன்.”

அவன் கம்ப்யூட்டரை நிறுத்தினான்.

“அம்மா கேட்டாங்களா?”

கேட்டார்கள் என்று சொல்லிவிடலாம். கண்ணால் கேட்டார்கள், கையை அழுத்தினார்கள் என்று ஏதாவது. அவன் நம்பியிருப்பான், அவளையும் விட்டிருப்பான். அது அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

“இல்ல. அம்மா ஒண்ணும் கேக்கல. என்னால பாக்க முடியல. அதனால சொன்னேன்.”

“நான் சிலிண்டரோட வந்துக்கிட்டிருக்கேன்னு உனக்குத் தெரியும்ல.”

“தெரியும்.”

வெளியே கொயர்ப் பெண்கள் அடுக்குப் பாத்திரங்களைக் கழுவும் சத்தம் கேட்டது.

“ரெண்டு வருஷம். ரெண்டு கிறிஸ்மஸ்க்கு நான் வீட்டுக்கு வரல. நீ கேக் கொண்டாந்து குடுத்த. அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல?”

“உனக்கு அப்பா மேல கோவம் இருக்கிற வரைக்கும் நீ என்கிட்ட வருவன்னு இருந்தேன்” என்றாள் பெனிட்டா. “அது எனக்கு வசதியா இருந்துச்சு ஆசீர்.”

அவன் தலையைத் தூக்கவில்லை. சத்தம் போடுவான் என்று அவள் எதிர்பார்த்தாள், அவன் போடவில்லை. “அடுத்த சனிக்கிழமை வரைக்கும் என்கிட்ட பேசாத” என்றான் மெதுவாக. “மேடைல பாக்கலாம். அதுக்கப்புறம் என்னன்னு எனக்கே தெரியல.”

இரண்டரை மணிக்கு ராம்கி எல்லோரையும் கூப்பிட்டான். ஃபேன் நின்றது. கொயர் வரிசையில் நின்றது. ஆசீர் கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்து, கூடத்தைக் குறுக்காக நடந்து, அப்பாவுக்கு முன்னால் போய் நின்றான்.

“அப்பா.”

குணசீலன் ஹெட்போனைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“உங்களுக்கு எப்படி வருதோ அப்படியே முடிங்க. ஆமென் இருக்கட்டும்.”

அவர் மகளைப் பார்த்தார். அவள் முகத்திலிருந்தே நடந்ததைத் தெரிந்துகொண்டார். “இல்லப்பா” என்றார். “நீ போட்ட மெட்டு. நீ முடிச்ச மாதிரிதான் முடியணும்.”

நாலாவது டேக் ஓடியது. பெனிட்டா சுதி தப்பாமல் பாடினாள். உச்சம் வந்தது. அப்பாவின் கை விரிந்து, மூடியது. அடுத்த நொடியே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டார், பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்த பையன் நிற்பதுபோல. பதினாறு பேரும் போகிற இடம் தெரியாமல் அவரையே பார்த்து நின்றார்கள். பின்வரிசையில் ஒருவருக்கு உதடு மட்டும் ஆமென் என்று அசைந்தது. சத்தம் வரவில்லை.

ஒரு நிமிடம் ஓடியது. ராம்கி கட்டை விரலை உயர்த்தினான். கிடைத்துவிட்டது.

கொயரில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டுச் சிரித்தார்கள். யாரோ ஃபேனைப் போட்டார்கள். ஆசீர் அப்பாவுக்கு எதிரில் ஒரு டைல்ஸ் பெட்டியில் உட்கார்ந்திருந்தான். நகரவில்லை.

“அப்பா, அந்தப் பதினோரு நிமிஷம்” என்றான். “நாங்க ரெண்டு பேரும் தெருவுல நின்னோம்ல. நீங்க உள்ள என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?”

இதை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை என்று பெனிட்டாவுக்கு அப்போதுதான் தோன்றியது. அவளும் கேட்டதில்லை.

“பாடிக்கிட்டிருந்தேன்” என்றார் குணசீலன்.

“ஜெபமா?”

“ஜெபந்தான் முடிஞ்சிருச்சே. பாட்டு. நானும் அவளும் கொயர்ல மொத மொத சேந்து பாடினது. எனக்கு டெனர், அவளுக்கு ஆல்டோ. காதுகிட்ட குனிஞ்சு என் லைன மட்டும் பாடினேன். அவ லைன்ல நான் கை வைக்கல. மனசுக்குள்ள பாடிக்கிட்டிருப்பான்னு அவளுக்கு எடம் விட்டு எடம் விட்டுப் பாடினேன். எத்தனை தடவ பாடினேன்னு தெரியல. கடைசித் தடவ எடம் விட்டுட்டுப் பாத்தேன். அம்புட்டுத்தான்.”

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். கிரிதரன் போய் ஃபேனை அணைத்தான்.

ஆசீர் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “அப்ப அங்க சத்தம் இருந்திருக்கு” என்றான். “நான் தெரியாம ஒரு நிமிஷம் சும்மா விட்டு வச்சிருக்கேன். அதுல பாடுங்கப்பா. இப்பவே.”

“ஒத்த டெனரா? தனியாக் கேட்டா நல்லாவே இருக்காதுப்பா. ஆல்டோ வேணும்.” சொல்லிவிட்டு அவர் மகளைப் பார்த்தார். கொயர் முழுக்க அவளைப் பார்த்தது. அம்மா நின்ற இடத்தில் இப்போது நிற்கிறவள் அவள்தான். பெனிட்டா ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தாள்.

“வேண்டாம்” என்றான் ஆசீர், அப்பாவைப் பார்த்து. “அந்த லைன் காலியாவே இருக்கட்டும்.”

பாட்டுக்காகச் சொன்னானா, அவள் மேலுள்ள கோபத்தில் சொன்னானா என்று பெனிட்டாவால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பாட்டுக்கு அதுதான் சரி என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. எடுத்து வைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

ராம்கி சைகை காட்டினான். குணசீலன் கண்ணை மூடி, ஒரு வரி பாடினார். நிறுத்தினார். அடுத்தவர் பாடி முடிப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் விட்டு, அடுத்த வரியை எடுத்தார். அந்த இடைவெளியில் என்ன வரும் என்று பெனிட்டாவுக்கு ஒவ்வொரு சுரமும் தெரியும். அவள் சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.